வராத பாட்டியை யார் தேடுவது?



சத்துணவு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறோம். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய இத்திட்டத்தில், 1983 ஜனவரி 15 முதல் முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டம்.

சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற நம்ம சகோதரிகளுக்குத் தெரியும், வயசானவங்களுக்குச் சமைக்க தனிப் பக்குவம் வேணும். பல் இல்லாதவருக்குச் சோறு குழையணும், பருப்பு நல்லா வேகணும். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு உப்பு குறையணும். நம்ம ஊரு சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்ந்தாலே ருசி வந்துடும்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. தினமும் வர்ற பாட்டி இன்னைக்கு வரலையே என்று முதலில் கவனிப்பது சமையல்காரம்மாதான். காய்ச்சலா, விழுந்துட்டாங்களா என்று உடனே ஆள் அனுப்பிப் பாருங்கள்.

கூச்சப்பட்டு பட்டினி கிடக்கும் முதியவர்கள் நம் தெருவிலும் இருக்கலாம். இது பிச்சை இல்லை, உரிமை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் பெயரை அடுத்த குழுக் கூட்டத்தில் எழுதுங்கள். தகுதியிருந்தும் ஓய்வூதியம் கிடைக்காதவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் மனு கொடுக்க உதவுங்கள்.

நாளைக்கு நமக்கும் வயசாகும், சகோதரிகளே.