பல் தட்டும் கேத்தல் நீரும்



பல்லை நேராக்கிய கம்பியைக் கழற்றியதும் வேலை முடிந்ததென நினைக்கின்றோம். பற்களோ பழைய இடத்தையே நாடும். அவற்றைத் தடுத்து நிறுத்துவது ரிட்டெய்னர் எனும் சிறு தட்டு. எங்கள் தங்கையின் தட்டை அம்மா, சுத்தமாகட்டுமென்று, கேத்தலிற் கொதித்த நீரில் இட்டுவிட்டார். அக்கிரிலிக் வளைந்து, வாயிற் பொருந்தாது போயிற்று. ஹற்றனிலிருந்து மீண்டும் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் பயணம். அம்மாவின் ஒருநாள் பேரும் போயிற்று.

காலையிற் கழற்றியவுடன், எச்சில் காயுமுன், குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷால் தேய்த்தாற் போதும். துளி சவர்க்காரம் சேர்க்கலாம். உமிக்கரி, சாம்பல், ஏன் பற்பசையுங்கூடத் தட்டைக் கீறும். கீறலிற் கிருமி குடியேறும். வெண்படிவு கண்டால் நீர் கலந்த வினாகிரியிற் சற்றே ஊறவைத்துக் கழுவுங்கள். சுடு தேநீர் குடிக்கையிலும் கழற்றிவிடுங்கள். கடுதாசியிற் சுற்றாமல் பெட்டியில் வையுங்கள்.

தங்கையின் பெட்டி இப்போது அலுமாரி உச்சியில், அம்மாவுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.