சீனத்துக்கு ஆங்கிலங் கற்பிக்கச் சென்றோர்

(சங்கத்தின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களிற் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் சிலர், முதல் உத்தியோகமாகச் சீனத்துக்குச் சென்று ஆங்கிலங் கற்பிப்பதை நாம் அறிவோம். ஓரிரு ஆண்டு இருந்து, நாலு ஊர் பார்த்து, சிறிது பணமுஞ் சேர்த்துக்கொண்டு திரும்புவர். இதை எளிய பிழைப்பென்று எண்ணுவாருமுளர். பிறந்த நாள்முதல் பேசிவந்த பாஷைதானே, அதைச் சொல்லிக்கொடுக்க வேறென்ன வேண்டும் என்பது அவர் நினைப்பு. வேறு பல வேண்டும் என்பதையே நாம் இன்று சொல்ல வந்தோம்.

சீன அரசாங்கத்தின் விதியும் இந்நினைப்புக்கு ஓரளவு இடங்கொடுக்கின்றது. அங்கு மொழி கற்பிக்கச் செல்லும் அந்நியர் பொதுவாகத் தம் தாய்மொழியையே கற்பித்தல் வேண்டும். பட்டதாரியாயிருத்தல் வேண்டும், அதனோடு ஈராண்டு அனுபவமோ, ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழோ வேண்டும். நம்மூர்ப் பட்டதாரி ஒருவர் ஆங்கில இலக்கணத்தை ஐயந்திரிபறக் கற்றிருந்தாலும், அது அவர் தாய்மொழி அன்று என்பதனாற் பின்தள்ளப்படுவார். இது நியாயமா என்று கேட்டால், நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயினும் விதி விதியே. வேலை அனுமதிக்குரிய வீசா இன்றி, சுற்றுலா வீசாவிற் போய்க் கற்பிக்கலாமென்று ஆசை காட்டுந் தரகரை நம்பிச் செல்வோர் பிடிபட்டு நாடுகடத்தப்படுவதுமுண்டு. 2021ஆம் ஆண்டில் அந்நாட்டார் தனியார் ரியூசன் வகுப்புகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பின், இத்தொழிலின் பழைய மவுசும் குறைந்துவிட்டது. அது நிற்க.

தாய்மொழியைப் பேசும் நாவுக்கும், கற்பிக்கும் ஆற்றலுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட ஒருவர் கதை போதும். வில்லியம் எம்ப்சன் என்னும் ஆங்கிலேயர் 1906இற் பிறந்தவர், கேம்பிறிட்ஜிற் கற்றவர், 24 வயதுக்குள் இலக்கியத் திறனாய்வு நூலொன்றை எழுதிப் புகழ் பெற்றவர். தோக்கியோவில் 1931 முதல் 1934 வரை கற்பித்தார். பின் 1937இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் உத்தியோகங் கிடைத்துச் சைபீரிய ரயிலேறிப் புறப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது பீக்கிங் நகரம் யப்பானியப் படையின் கையிலிருந்தது. கற்பிக்க வந்தவருக்குக் கல்லூரியே இல்லை!

திரும்பி ஊருக்குப் போயிருக்கலாம். எவருங் குறை சொல்லியிரார். அவரோ இடம்பெயர்ந்த பல்கலைக்கழகத்தைத் தேடித் தெற்கே போனார். பீக்கிங், சிங்ஹுவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் ஒன்றுகூடிச் சாங்ஷா நகரில் தற்காலிகமாக இயங்கத் தொடங்கின. அதன் கலைப்பிரிவு ஹெங்ஷான் என்னும் புண்ணிய மலையின் அடிவாரத்து நான்யுவேயில் அமைந்தது. சீனத்தாருக்கு அது தீர்த்த யாத்திரைத் தலம். அங்கே நூல்நிலையம் இல்லை. பாடப் புத்தகமும் இல்லை. எம்ப்சன் தம் நினைவிலிருந்த ஆங்கிலக் கவிகளையும் நாடகப் பகுதிகளையும் தட்டச்சிற் பதித்து மாணாக்கருக்குக் கொடுத்தார். சேக்ஸ்பியரின் ஒதெல்லோவை நினைவினின்றே எழுதித் தந்தார் என்று அவர் மாணாக்கர் பின்னாளில் வியந்து சொன்னார்கள். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனனஞ் செய்தபோது, இது கிளிப்பிள்ளைப் படிப்பென்று சிரித்தோம். புத்தகம் எரிந்துபோன நாளில் எது மிஞ்சும் என்பதை நான்யுவே காட்டியது.

போர் நெருங்கவே 1938இற் பல்கலைக்கழகம் மீண்டும் பெயர்ந்தது. இம்முறை யுன்னான் மாகாணத்துக் குன்மிங்குக்கு. பலர் ஹொங்கொங் வழியே கப்பலிலும் ரயிலிலும் சுற்றிச் சென்றனர். மாணாக்கருள் ஒரு கூட்டத்தார், சில ஆசிரியர்களோடு, ஏறத்தாழ 1000 மைலை 68 நாட்களிற் கடந்து போனார்கள். அதிற் பெரும்பகுதி கால்நடையே. கவிஞரான பேராசிரியர் வென் யீதுவோ, வெற்றி வரும்வரை தாடியைச் சிரைப்பதில்லையென நோன்பு பூண்டு உடன் நடந்தார். அந்நடையிற் சென்றவருள் மூ டான் என்னும் புனைபெயருடைய இளங்கவியும் ஒருவர். அவர் நாள்தோறும் ஆங்கில அகராதியின் தாள்களை மனனஞ் செய்து, முடிந்த தாளைக் கிழித்துப் போட்டபடியே நடந்தார் என்று சொல்வதுண்டு.

எம்ப்சனிடம் ஆங்கிலக் கவிதை பயின்ற அந்த மூ டானின் பிற்காலத்தை நாம் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலம் தெரிந்ததனால் 1942இற் பர்மாவுக்குச் சென்ற சீனப் படைக்கு மொழிபெயர்ப்பாளராய்ப் போனார். சாவின் வாயிலிருந்து மீண்டார். அமெரிக்காவிற் படித்து 1953இற் தாயகம் திரும்பினார். அந்தப் படைச் சேவையே 1958இற் குற்றமாயிற்று. கற்பிக்கும் உரிமையைப் பறித்து நூல்நிலையத்தில் வேலை செய்ய வைத்தார்கள். அங்கிருந்துகொண்டே பைரனின் 'டொன் யுவான்' என்னும் நெடுங்காவியத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். 1977இற் காலமானார், நூல் அச்சேறியது 1980இல். அந்நிய பாஷையைக் கற்பிப்பவர் திரும்பிப் போய்விடுவார். கற்றவர் அதன் விலையை அங்கேயே இருந்து கொடுக்கிறார். சீனம் செல்லும் இளைஞர் இதனை நினைப்பது அரிது.

எம்ப்சன் பின்னர் இங்கிலாந்துக்குப் போய், 1947இல் மீண்டும் பீக்கிங் வந்து, 1952 வரை கற்பித்தார். நகரை முற்றுகையிட்ட 1948-49 மாரியிலும் அவர் பாடத்தை நிறுத்தவில்லை.

இனி நம் காலத்து ஒருவர். பீற்றர் ஹெஸ்லர் என்னும் அமெரிக்கர் 1996இல், தம் 27ஆம் வயதில், யாங்சி நதிக்கரைப் பட்டினமான பூலிங்கின் ஆசிரியர் கலாசாலைக்கு வந்தார். அமெரிக்க அமைதிப்படையின் தொண்டர் அவர். அப்பெயர் சீனத்தில் உவப்பாயிராதென்று 'நட்புறவுத் தொண்டர்' என்றே அங்கு அழைத்தார்கள். தெருவில் இறங்கினால் கூட்டங்கூடி 'ஹலோ, ஹலோ' என்று கூவுவர். அவரோ சீனமொழி தெரியாமல் வாய்பேசா மூங்கையராய் நின்றார். பின் ஆசிரியரிடம் பாலபாடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோரெழுத்தாய்க் கற்றார். பகலிற் குரு, மாலையிற் சீடர்!

அவருடைய மாணாக்கர் பெரும்பாலும் கமக்காரர் பிள்ளைகள். வீட்டில் முதன்முதற் கலாசாலை கண்டவர்கள். படிப்பு முடிந்ததும் கிராமப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராய்ப் போக வேண்டியவர்கள். ஹம்லெற் நாடகத்தைப் படித்துவிட்டு, அவ்விளவரசன் குடியானவர்பால் இரக்கமுள்ளவன் என்று எழுதியவர்களும் உண்டாம். சிரிக்கலாம். ஆனால் தாம் கற்ற அரசியற் பாடத்தையும் தம் ஊர் வாழ்வையும் கொண்டுதானே அவர்கள் அதைப் படிக்க முடியும்? ஹெஸ்லர் அதை அலட்சியஞ் செய்யவில்லை. தாம் பயின்ற முறையும் ஒரு முறையேயன்றி முடிந்த முடிபன்று என்று உணர்ந்தார். 2001இல் வெளியான அவருடைய பூலிங் நூலில் நமக்குப் பிடித்தது இவ்வடக்கமே.

அவ்வமைதிப்படைத் திட்டம் 1993இற் தொடங்கி 2020உடன் முடிந்தது. ஹெஸ்லர் 2019இற் செங்டு நகருக்கு வந்து ஈராண்டு மறுபடி கற்பித்தார். பூலிங்கில் அவரிடம் படித்தவர்கள் இன்று ஐம்பதை அண்டியவர்கள். அவர்களிற் பலர் ஆங்கில ஆசிரியராகவே தொழில் பார்த்து, தம் பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் அனுப்பிவிட்டனர். பழைய ஆசிரியருக்கு இன்னமுங் கடிதம் எழுதுகிறார்கள்.