மெசினுக்குப் பெயர்த் தகடு இருக்கிறது

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேச ஆயிரம் இருக்கும்போது பழைய மெசின்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இந்த இரும்புக் கதை எதற்கு என்று சிலர் முகத்தில் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நமது தோட்டமொன்றில் ஸ்டோரை மூடினார்கள். எந்தத் தோட்டம் என்று இங்கே சொல்லவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். பழைய இரும்புக்காரரின் லொறி வந்தது. ரோலர்களைக் கேஸ் வைத்து வெட்டினார்கள். பழைய ரோலர் ஒன்றில் வார்ப்பிரும்புத் தகடு ஒன்று இருந்தது. அதில் மார்ஷல், கெயின்ஸ்பரோ என்று எழுத்து. அந்த ரோலரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த பெரியவர் ஒருவர், "ஐயா, அந்தத் தகட்டை மட்டும் எனக்குத் தாங்க" என்று கேட்டார். அதற்கு ஏற்கெனவே ஆள் விலை பேசிவிட்டதாகச் சொன்னார்கள். அதே லொறியில் பழைய செக்ரோல் புத்தகங்களும் ஏறின. அவை கிலோக் கணக்கில் போயின.

தகட்டுக்கு விலை இருக்கிறது. நம் பாட்டன் பாட்டி பேர் எழுதிய புத்தகத்துக்கு, கடதாசியின் எடைதான் விலை. இதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பேச்சைப் பேச வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அந்தத் தகட்டில் இருந்த கெயின்ஸ்பரோ, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள ஒரு சிறிய ஊர். மார்ஷல் கம்பனி அங்கே 1848இல் தொடங்கியது. நீராவி எஞ்சின், கொதிகலன், ரோட்டுப் போடும் உருளை எஞ்சின் எல்லாம் செய்தார்கள். வில்லியம் ஜாக்சன் என்பவர் வடிவமைத்த தேயிலை ரோலர்களும் அங்கேதான் வார்க்கப்பட்டன. நம் பெரியவர்கள் வாயில் சொந்தக்காரர் பெயர் போல வரும் 'சிரோக்கோ', அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தில் பிறந்தது. சாமுவேல் டேவிட்சன் என்ற இளைஞர் 1864இல் அசாமுக்குத் தோட்ட வேலைக்குப் போனார். கரி அடுப்பில் கொழுந்து காய வைப்பதைப் பார்த்து, சூடான காற்றால் காய வைக்கும் மெசினை உருவாக்கினார். 1881இல் பெல்பாஸ்டில் சொந்தத் தொழிற்சாலை திறந்தார். சிரோக்கோ என்பது பாலைவனத்திலிருந்து வீசும் ஒரு வெப்பக் காற்றின் பெயர்.

மெசின் வருவதற்கு முன் என்ன இருந்தது? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அங்கே முதலில் பங்களா விறாந்தையில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையாலேயே கொழுந்தை உருட்டினார்கள். ரோலர் செய்வது அந்தக் கையின் வேலையைத்தான். கீழே பித்தளைத் தட்டு, மேலே கொழுந்து நிரப்பிய பெட்டி வட்டமாகச் சுற்றும், மூடியை இறக்க இறக்க அழுத்தம் கூடும். ரோலர் ஓடுவதைப் பார்த்தால், மாவு பிசையும் ஒரு பெரிய கை மாதிரியே இருக்கும்.

நமக்கும் அந்த மெசின்கள் மேல் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். எஞ்சின் அறையிலிருந்து கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு மெசினுக்கும் தோல் பட்டி இறங்கும். பட்டி அடிக்கிற சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். ட்ரையரிலிருந்து வரும் வாசனையை வைத்துத் தூள் கருகப் போகிறது என்று டீமேக்கருக்கு முன்பே சொன்னவர்களும் இருந்தார்கள். பட்டப் படிப்பு எதுவும் இல்லை. மேல்மாடியில் சாக்குத் துணித் தட்டுகளில் கொழுந்தைத் தூவி வாட்டும் வேலையில் இருந்த அம்மாமார், விரலால் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தே பதம் சொல்வார்கள். ஸ்டோர் சங்கு ஊதுவதை வைத்து உலை வைத்த வீடுகள் நம் லயங்கள். அதே பட்டியில் சேலை மாட்டியதும், அதே ரோலரில் விரல் போனதும் நமக்கு மறக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் நம் ஞாபகம்.

சரி, இந்த மெசின்களைச் செய்த நாட்டில் இன்று என்ன நடக்கிறது? மார்ஷல் கம்பனியின் பழைய கட்டடம் 2007 முதல் கடைத்தொகுதி. பெல்பாஸ்ட் சிரோக்கோத் தொழிற்சாலையும் இப்போது இல்லை. ஆனால் அந்த நாட்டு மக்களுக்குப் பழைய எஞ்சின் மேல் அப்படி ஒரு பிரியம். கோடைகாலத்தில் நீராவி எஞ்சின்களைத் துடைத்து மினுக்கி மைதானத்துக்குக் கொண்டு வருவார்கள். வேல்சில் டாலிலின் என்ற சிறிய புகையிரதப் பாதையை மூடப் போனபோது, தொண்டர்கள் சேர்ந்து 1951இல் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். இன்றும் ஓடுகிறது. துரைமாருக்கு வேறு வேலை இல்லையா என்று சிரிக்கலாம். நாங்களும் முதலில் சிரித்தோம்.

ஆனால் அதே வேல்சில் பிளெய்னவன் என்ற ஊரைப் பாருங்கள். அங்கே 'பிக் பிட்' என்ற நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு, 1983இல் மக்கள் பார்க்கத் திறக்கப்பட்டது. பார்க்க வருபவர்களுக்குத் தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து, கூண்டில் ஏற்றி, 90 மீற்றர் கீழே இறக்குகிறார்கள். கூட்டிக்கொண்டு போகிறவர் யார் தெரியுமா? சுரங்கத்தில் வேலை செய்த தொழிலாளி. கீழே போனதும் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்வார். கையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தாலும் தெரியாத இருட்டு. அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகள் இப்படிப்பட்ட இருட்டில்தான் சுரங்கக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 1842இல்தான் பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளைகளும் நிலத்தடியில் வேலை செய்வதைச் சட்டம் தடுத்தது. இதையெல்லாம் ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். சுரங்கத்தில் இருமிய மனிதன் சொன்னால் நின்று கேட்கிறார்கள்.

லங்காஷயரில் பேர்ன்லி என்ற ஊரில் நீராவியால் ஓடிய நெசவு ஆலை ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான தறிகள். அந்த இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் அந்தப் பகுதி ஆலைகளில் நெசவுப் பெண்கள் வாயசைவைப் பார்த்தே பேசப் பழகினார்கள். நம் ரோலர் அறையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேயும் பாதுகாக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் இப்போது தேயிலை அரும்பொருட்காட்சிசாலை. பழைய எஞ்சின்களையும் ரோலர்களையும் அங்கே பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மலைநாட்டில் பழைய ஸ்டோர்கள் விடுதிகளாகவும் மாறுகின்றன. அப்படி மெசினை அலங்காரமாக வைத்த ஓரிடத்துக்கு நம் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போனோம். அவர் நேராக ரோலரிடம் போய்க் கையை வைத்தார். அங்கிருந்த பையன் ஓடி வந்து, "தொடக்கூடாது தாத்தா" என்றான். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் சொன்னான். பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கையில் ஒரு விரல் இல்லை.

கம்பளைக்குப் பக்கத்தில், பழைய பீக்கொக் தோட்டத்தில், லயக் காம்பராக்களிலேயே தொழிலாளர் அரும்பொருட்காட்சியகம் ஒன்று அமைத்திருக்கிறார்கள். நாம் புழங்கிய பொருள்களையும் கடதாசிகளையும் அங்கே பார்க்கலாம். அது ஒன்று போதாது. ஒவ்வொரு ஸ்டோருக்கும் ஒரு கதை இருக்கிறது.

அதனால் தோட்டக் கமிட்டிகளிடம் கேட்கிறோம். ஸ்டோர் மூடப்படுகிறது, கைமாறுகிறது என்று காதில் விழுந்த உடனே சங்க அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். லொறி வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. செக்ரோல் புத்தகங்களை எடைக்குப் போடக்கூடாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். அதில் உள்ள பேரும் தேதியும் சேமலாப நிதிப் பிரச்சினை உள்ள ஒருவருக்கு நாளைக்கு உதவவும் கூடும். ஸ்டோர் விடுதியானால், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலையைச் சம்பளத்தோடு அங்கே உழைத்து ஓய்வுபெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்போம். பிளெய்னவனில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

வீட்டில் பழைய சம்பளச் சிட்டை, துண்டு, கொழுந்துக் கூடை, ஸ்டோரில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் எறியாதீர்கள். பிள்ளைகளிடம் கைத்தொலைபேசி இருக்கிறது. தாத்தாவை உட்கார வைத்து, எந்த ரோலர், எத்தனை மணிக்கு வேலை, கூட யார் யார் என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கூட வேலை செய்தவர்களின் பேரை முழுதாகச் சொல்ல வைக்க மறக்காதீர்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவற்றைக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம்.