இரண்டு சூரியோதயப் பயணம்



ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், எத்தனை மணித்தியாலப் பயணம் என்றுதான் இன்று பதில் வருகிறது. தூரம் மாறுவதில்லை, அதைக் கடக்கும் காலம் மாறுகிறது. இதற்கு நமது நாட்டோடு தொடர்புடைய ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலியை அடுத்துள்ள கொக்கலைக்கும் இடையே ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர் கடல் கிடக்கிறது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமானதும், அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த ஆகாய மார்க்கம் அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943 நடுப்பகுதி முதல் குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலினா நீர்விமானங்கள் எங்கும் தரிக்காமல் இந்து சமுத்திரத்தைக் கடந்தன.

பேர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து எழுந்த விமானம் கொக்கலை வாவியில் இறங்க 27 முதல் 33 மணித்தியாலம் வரை சென்றது. எரிபொருளின் பாரம் காரணமாகப் பயணிகள் மூவருக்கே இடமிருந்தது. எதிரியின் செவிக்கு எட்டாதபடி வானொலி மௌனம் காத்தது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கணித்தார்கள். அல்டெயர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைக்கா என விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்டதால், 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் அச்சேவைக்கு நிலைத்தது. 1945 இல் அது முடிவுற்றது.

இன்றைய ஜெற் விமானமொன்று அத்தூரத்தைச் சுமார் ஏழு மணித்தியாலத்தில் கடந்துவிடும். 2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடிச் சேவையே தொடங்கிற்று. ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர். சுமார் 17 மணித்தியாலம்.

விமானச் சரித்திரம் இவ்வளவோடு நின்றுவிடும். இலக்கிய நேயர்களாகிய நாம் அந்த வாவிக்கரையையும் சற்றுப் பார்க்கவேண்டும்.

அங்கே ஒரு கிராமம் இருந்தது. வான்படைத் தளம் அமைப்பதற்காக அதன் மக்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். 1890 இல் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு இடிபடாமல் தப்பி, இன்று அவரது நினைவைப் பேணி நிற்கிறது. அவ்வூரின் வாழ்வில் வேர்கொண்ட அவரது 'கம்பெரலிய' நாவல் 1944 இல் வெளிவந்தது. வாவியிலிருந்து விமானங்கள் எழுந்துகொண்டிருந்த அதே காலம். எம். எம். உவைஸ் அதனைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழில் தந்தார். போரைப் பற்றிய கதையல்ல அது. பழைய குடும்பமொன்றின் சரிவையே அது சொல்கிறது. ஆயினும் அந்த ஆண்டை எண்ணும்போது, ஊர் கலைந்த வேளையில் அதன் வாழ்வு ஏட்டில் ஏறியதாகவே எனக்குப் படுகிறது.

நேயர்களே, பேர்த்திலிருந்து கொக்கலைக்கு வந்து சேர எத்தனை மணித்தியாலம் என்று விமானி கணக்கிட்டுச் சொன்னார். அயலூரில் ஒதுங்கியிருந்த கொக்கலைவாசி தன் முற்றத்தில் மறுபடி கால்வைக்க எவ்வளவு காலம் செல்லும்? அதைச் சொல்ல எந்த நேர அட்டவணையும் இருக்கவில்லை. ஊரை விட்டு எழுந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. அந்தத் தூரத்தை அளக்கும் வேலை எழுத்தாளனுக்கே எஞ்சுகிறது.