பொறுமை வேறு, தாமதம் வேறு



அன்பிற்குரிய பெற்றோர்களே! இளைஞர்களே!

நோயின்போது ஸப்ர் செய்வது ஈமானின் அடையாளம். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் பொறுமையின் பெயரால் தாமதம் குடியிருக்கின்றது. மார்பில் கட்டி தென்படுகின்றது. வலியில்லையே என்று உம்மா மறைத்துவிடுகின்றார். வாய்ப்புண் ஆறவில்லை, சுண்ணாம்பு சுட்டது என்கின்றார் வாப்பா. மலத்துடன் இரத்தம் போகின்றது. மூலம் என்று நாமே முடிவு கட்டுகின்றோம்.

இலங்கையில் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும், ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் முதலிடம் வகிக்கின்றன. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. பாக்குப் பொட்டலத்தை விளையாட்டாக வாயிலிடும் இளைஞர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

வீட்டில் ஒரு தாமதம் என்றால், வைத்தியரிடம் சென்ற பின்னரும் ஒரு தாமதம் உண்டு. களனியில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து எடுக்கின்றோம். குணமில்லை என்றால் கொட்டாஞ்சேனையில் வேறொரு டொக்டர். பின்னர் வெள்ளவத்தையில் ஒரு பாமசி. செல்லுமிடமெல்லாம் அது புதிய நோயாகவே பார்க்கப்படுகின்றது. மூன்று மாதமாக இருக்கும் நோய் என்பதை அறிந்தவர் நம்மைத் தவிர வேறெவருமில்லை.

ஆகவே, முதலில் பார்த்த வைத்தியரிடமே திரும்பச் செல்லுங்கள். பழைய மருந்துத் துண்டுகளைக் கொண்டு செல்லுங்கள். எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லுங்கள். "இது வேறு நோயாக இருக்குமா? பரிசோதனை தேவையா? விசேட வைத்தியரிடம் கடிதம் தருவீர்களா?" என்று மரியாதையுடன் கேளுங்கள். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், நீங்காத இருமல், புதிய கட்டி, காரணமின்றி மெலிதல் ஆகியவை புற்றுநோயாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. ஆயினும் அவற்றைக் காட்டாமல் விடலாகாது.

நாட்டுப்புற அரபிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, அன்னார் அதனை ஏவினார்கள். மருத்துவம் தேடுவது தவக்குலுக்கு முரணானதன்று. உடல் அல்லாஹ் தந்த அமானிதம்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். எனினும், மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டினார்கள். உயிரைக் காக்கும் விடயத்திலும் அவ்வாறே இருப்போம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகமும் கருப்பைக் கழுத்தும் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. பிள்ளைகளே! உம்மாவை அழைத்துச் செல்வது உங்கள் கடமை.

மஹரகம வைத்தியசாலைக்கென நிதி திரட்டப்படும்போதெல்லாம் நம் சமூகம் வாரி வழங்குகின்றது, அல்ஹம்துலில்லாஹ். அந்த வாசலுக்கு ஒருவரைக் காலம் பிந்தாமல் அனுப்பிவைப்பதும் ஸதகாவே.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளர்களுக்கு ஷிபாவையும், உரிய நேரத்தில் சிகிச்சை தேடும் தௌபீக்கையும் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.