கத்திமுனை ஆட்டத்தில் காய் நகர்த்துவது எப்படி?



இன்று சதுரங்கத்தைப் பற்றிச் சிறிது பேசலாம் என எண்ணுகிறேன். வீட்டில் பலகை இருந்தால் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரரின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை எட்டு நிரல்கள். அவர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எட்டு வரிசைகள். இதை நினைவில் வைத்தால் போதும்.

சதுரங்கத் தொடக்கங்களில் சில அமைதியானவை. ஒரு நகர்வு பிசகினாலும் பின்னர் சரிசெய்து கொள்ளலாம். வேறு சில கத்திமுனை போன்றவை. நாலைந்து நகர்வுக்குள் சண்டை மூண்டுவிடும். ‘இரு குதிரைத் தற்காப்பு’ அத்தகையது.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனை மாவட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்றேன். பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பிள்ளை. பட்டணத்து மண்டபத்தை அன்றுதான் பார்க்கிறான். அவனுக்குக் கறுப்புக் காய்கள். ஆட்டம் இப்படிப் போயிற்று.

வெள்ளைச் சிப்பாய் இ-4, கறுப்புச் சிப்பாய் இ-5. வெள்ளைக் குதிரை எஃப்-3, கறுப்புக் குதிரை சி-6. வெள்ளை மந்திரி சி-4, கறுப்பின் மற்றக் குதிரை எஃப்-6. நான்காம் நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி-5க்குத் தாவியது.

ஒரே காயைத் தொடக்கத்தில் இருமுறை நகர்த்தக் கூடாது என்பது பொது விதி. ஜெர்மானிய வல்லுநர் தராஷ் இந்த நகர்வைக் கற்றுக்குட்டியின் வேலை என்று இகழ்ந்தார். ஆனாலும் பெரிய ஆட்டக்காரர்கள் இன்றும் அதை ஆடுகிறார்கள். காரணம், அதன் மிரட்டல் உண்மையானது. எஃப்-7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. அதைக் குதிரையும் மந்திரியும் சேர்ந்து குறிவைக்கின்றன. குதிரை அங்கே குதித்தால் ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் அடி.

எங்கள் மாணவன் டி-5இல் சிப்பாயை வைத்து மந்திரியின் வழியை அடைத்தான். நல்ல நகர்வு. வெள்ளை அதை வெட்டியது. உடனே அவன் எஃப்-6 குதிரையால் திருப்பி வெட்டினான். அங்கேதான் வினை வந்தது.

வெள்ளைக் குதிரை எஃப்-7 சிப்பாயை வெட்டித் தன்னையே பலி கொடுத்தது. ராஜா அதை வெட்டினார். வெள்ளை ராணி எஃப்-3க்கு வந்து செக் வைத்தது. டி-5 குதிரைக்கும் அதே அடி. குதிரையைக் காக்க ராஜா இ-6க்கு, பலகையின் நடுவுக்கே வர வேண்டியதாயிற்று. இத்தாலியில் சுமார் 1610ஆம் ஆண்டிலேயே ஆடப்பட்ட பழைய தாக்குதல் இது. கறுப்பு உடனே தோற்றுவிடுவதில்லை. ஆனால் தற்காப்பது மிகக் கடினம். இருபது நகர்வு தாண்டவில்லை, ஆட்டம் முடிந்தது.

பேருந்தில் திரும்பும்போது அவன் கேட்டான்: “சார், சிப்பாய் போனால் உடனே திருப்பி வெட்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

எனக்குப் பதில் வரவில்லை. வாய்பாட்டை ஒப்பிக்கும் முன் அதன் பொருள் விளங்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவன் நான். கணக்கில் அதைப் பின்பற்றினேன்; சதுரங்கத்தில் மறந்துவிட்டேன். இனி ஆடவே மாட்டேன் என்றான் பையன். அந்தக் குற்றம் என்னுடையது.

அப்படியானால் சரியான நகர்வு எது? சி-6 குதிரையை ஏ-5க்குக் கொண்டுபோவதே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட வழி. குதிரையை ஓரத்தில் வைக்காதே என்ற விதிக்கு இது மாறானது. ஆனால் அது மந்திரியைத் தாக்குகிறது. மந்திரி பி-5இல் செக் வைத்தால், சி-6க்குச் சிப்பாயைத் தள்ளித் தடுக்கலாம். வெள்ளை அதை வெட்டும். பி-7 சிப்பாயால் திருப்பி வெட்டினால் மந்திரிக்கு மறுபடியும் அடி. கறுப்புக்கு ஒரு சிப்பாய் நட்டந்தான். ஆனால் எதிராளி தன் காய்களைக் காப்பாற்ற ஓடும் வேளையில், நம் காய்கள் வெளியே வந்துவிடுகின்றன. ஒரு சிப்பாயை விடக் காலம் பெரியது என்பதே இதன் பாடம்.

ஆகவே, மாணவர்களே, இத்தகைய ஆட்டத்தில் காயைத் தொடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதிராளியின் கடைசி நகர்வு எதை மிரட்டுகிறது? நான் நினைத்ததை ஆடினால், அவருக்கு என்ன செக், என்ன வெட்டு கிடைக்கும்? என் நகர்வு அவருக்கு ஏதாவது வேலை வைக்கிறதா? விதிகள் வழிகாட்டும் பலகைகள். ஆனால் பாதையைக் கண்ணால் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

மறுவாரம் அந்தப் பையனை அழைத்து, “நான் சொன்னது அரைகுறை, வா, இருவரும் சேர்ந்து பார்ப்போம்” என்றேன். சிறிது தயங்கி உட்கார்ந்தான். அடுத்த போட்டியில் அதே நிலை வந்தது. இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். பிறகு குதிரையை ஏ-5இல் வைத்தான். ஆட்டம் சமனில் முடிந்தது. வெளியே வந்து, “ஏன் என்று தெரிந்து ஆடினேன், சார்” என்றான். எனக்கு அது வெற்றியை விடப் பெரிதாகப் பட்டது.