காற்றுக்கு ஒரு வழி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



துருக்கியில் கப்படோக்கியா பகுதியில் தெரின்குயு என்றொரு ஊர். எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து, சுமார் 85 மீட்டர் ஆழம் வரை அடுக்கடுக்காக ஒரு நகரமே அமைத்திருக்கிறார்கள். தொழுவம், கிடங்கு, தேவாலயம் எல்லாம் உண்டு. 1963-இல் ஒருவர் தம் வீட்டைச் சீரமைக்கச் சுவரை இடித்தபோதுதான் அது மறுபடி வெளியே தெரிந்தது.

சென்ற ஆண்டு அதில் இறங்கினேன். குனிந்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். பாதியில் மூச்சு முட்டியது. 'போதும்டா சாமி, திரும்பிடலாம்' என்றால், பின்னால் ஆட்கள்! இன்னும் சில படிகள் இறங்கினேன். முகத்தில் சில்லென்று காற்று. மேலிருந்து வரும், சுமார் 55 மீட்டர் ஆழமுள்ள காற்றுக் கிணறு அது.

வழியில் திரிகைக்கல் போன்ற வட்டக் கதவுகளையும் பார்த்தேன். பகைவர் வந்தால் உள்ளிருந்து உருட்டி அடைத்துவிடுவார்களாம். பயந்து ஒளிந்தவர்கள்தான், ஆனாலும் காற்றை அடைக்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் தேர்வில் தோற்று, விடுதி அறையைச் சாத்திக்கொண்டு நான்கு நாள் கிடந்தேன். கதவைத் தட்டித் தட்டி, மெஸ் சோற்றைக் கொண்டுவந்து வைத்தவர்கள் இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, கஷ்டம் வந்தா கதவைச் சாத்திக்கோங்க, தப்பில்லை. காற்றுக்கு மட்டும் ஒரு வழி வையுங்கள்.